நீலப்புகைக்கு எஞ்சினையே மாற்ற வேண்டுமா?

 

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்த குடியிருப்பிலிருந்து சகோதரி ஒருவர் நீண்ட மடல் ஒன்று எழுதியிருக்கின்றார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் செய்தியை மட்டும் தருகின்றேன். அவர்கள் வீட்டில் 1984-ஆம் ஆண்டின் அம்பாசிடர் கார் ஒன்று உள்ளது. மாமனார் வாங்கிய வண்டி. மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் வெளிநாட்டாரை ஆசிரமத்திற்கு அழைத்து வந்தே அம்மனிதர் மூன்று பெண்மக்களைக் கரையேற்றினார். அவர் வஃபாத்தான பின் மகன் அதனைப் பேணி வருகின்றார். பழைய வண்டியில் மணமக்களை அழைத்துவர விரும்புவோர் இன்றும் வாடகைக்குக் கேட்டு வருகின்றனராம். ஆனால் ஆறு மாதங்களாக, சுப்ஹுத் தொழுகைக்குப் பின் வண்டியைக் கிளப்பினால் சந்து முழுவதும் நீலப்புகை. சிறிது நேரத்தில் அது அடங்கிவிடுகிறது. அண்மையில் ஜமுனாமரத்தூர் போய்த் திரும்புகையில், போளூர்ப் பக்கம் மலையிறங்கி ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் மறுபடியும் ஒரு புகைமூட்டம்.

பட்டறையில் காட்டியதற்கு, எஞ்சினை முழுவதுமாக இறக்கி, போர் செய்து, பிஸ்டன், ரிங் அனைத்தையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். கேட்ட தொகை கையில் இல்லை. சகோதரியின் வளையல்களை வட்டிக்கு அடகு வைப்பது பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறது. அதற்கு முன் வேறு வழி உண்டா என்று கேட்டு எழுதியிருக்கின்றார்.

முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். மடலைப் படித்த அளவில், பழுது எஞ்சினின் வயிற்றில் அன்று, தலையிலேதான் இருக்கக்கூடும். வால்வு கைடு எனப்படும் எட்டுச் சிறு குழாய்கள் தேய்ந்திருப்பதற்கான அடையாளங்களே அம்மடலில் நிறைந்துள்ளன. வண்டியை நேரில் காணாமல் முடிவு கூறுவது முறையன்று. எனினும் வளையல் கையைவிட்டுப் போவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் உள்ளன. அவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

செங்கம் சாலைக்கும் அம்பாசிடருக்கும் உள்ள உறவு நெடியது. 1896-இல் இவ்வூருக்கு வந்து 1950-இல் இங்கேயே மறைந்த ரமண மகரிஷியைப் பற்றி, 1934-இல் வெளியான தம் நூலில் பால் பிரண்டன் எழுதிய பிறகு, கடல் கடந்தும் பலர் இவ்வூரைத் தேடி வரலாயினர். அவர்களைச் சுமந்து வருவதில் சமயம் பாராமல் பல குடும்பங்கள் பிழைத்தன. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கிய வண்டி இது. 2014 மே மாதத்தில் அத்தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. ஆகவே இன்று ஓடுகின்ற ஒவ்வோர் அம்பாசிடரும் ஏதோ ஒரு மெக்கானிக்கின் கையால் உயிர் வாழ்கின்றது.

1984-ஆம் ஆண்டுப் பெட்ரோல் வண்டியில் இருப்பது 1489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வர ஒரு வால்வு, எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு, ஆக எட்டு. வால்வு என்பது காளான் வடிவிலான எஃகுத் துண்டு. அதன் குடை, சிலிண்டர் தலையிலுள்ள வளையத்தில் அமர்ந்து மூடுகின்றது. அவ்வளையமே வால்வு சீட். அதன் தண்டு ஏறி இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயே வால்வு கைடு. நம் பாட்டன் வீட்டுக் கதவுகளை நினைத்துப் பாருங்கள். கதவின் குடுமி, கல்லிலோ மரத்திலோ குடைந்த குழியில் நின்று சுழலும். குழி தேய்ந்துவிட்டால் கதவு ஒருபக்கம் சாய்ந்து, நிலையில் சரியாகப் பொருந்தாது. கைடு தேய்ந்த வால்வின் கதியும் அதுவே. தள்ளாடிக் கொண்டே போய் அமர்வதால் சீட்டும் பழுதாகின்றது.

தண்டுக்கும் கைடுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 0.04 முதல் 0.08 மில்லிமீட்டர் வரைதான். ஒரு தலைமயிரின் பருமனை ஒட்டிய அளவு. இந்த அற்ப இடத்தில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்று சுற்றுவதாகக் குறைத்தே கணக்கிட்டாலும், ஒவ்வொரு வால்வும் 1,000 தடவை ஏறி இறங்குகின்றது. சென்னையிலிருந்து திருவண்ணாமலை வந்து சேரும் நான்கு மணி நேரத்தில் அது 2,40,000 தடவை. அந்த மாமனார் இருபது ஆண்டுகள் அவ்வழியே ஓட்டினார் எனில், கைடு தேய்ந்ததில் வியப்பில்லை. இவ்வளவு காலம் தாங்கியதே வியப்பு.

தேய்மானத்தை விரைவுபடுத்துவன சில உண்டு. வால்வை அழுத்தும் ராக்கரின் நுனி பள்ளமாகிவிட்டால், அது தண்டை நேரே அழுத்தாமல் பக்கவாட்டில் தள்ளும். அப்போது கைடின் துளை வட்டம் கெட்டு முட்டை வடிவாகி, இரு முனைகளும் மணிவாய்போல் விரியும். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதிலுள்ள கரியும் தூசியும் அரத்தின் வேலையைச் செய்யும். ரேடியேட்டரில் போர்க்குழாய் உப்புநீரை ஊற்றுவோர் அநேகர். உப்பு படிந்து தலையினுள் நீர் ஓடும் வழி குறுகிவிட்டால் புகைவழி வால்வுகள் கொதிக்கும். அவற்றின் கைடுகளுக்கு ஆயுள் குறையும். இதைக் கேட்ட பின்னாவது வண்டிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

இனிப் புகையைப் படிப்போம். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதியாக எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பின்னும் ஓயாத வெண்புகையும், ரேடியேட்டரில் நீர் குறைவதும் சேர்ந்தால் கேஸ்கட் அல்லது தலையில் விரிசல் இருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகின்றது என்று பொருள். அந்த ஆயில் எந்த வழியாக வருகின்றது என்பதே கேள்வி. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கீழிருந்து ஏறி வரும். கைடு தேய்ந்திருந்தால் மேலிருந்து இறங்கி வரும்.

இரவெல்லாம் வண்டி நிற்கும்போது, ராக்கர் அறையில் தேங்கிய ஆயில் தண்டின் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழிறங்கிக் கிடக்கும். காலையில் கிளப்பியதும் அது எரிந்து புகையாகி, இரண்டொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மலையிறங்கும்போது நடப்பது வேறு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கினால் காற்று வரும் வழி ஏறக்குறைய அடைபட்டு, எஞ்சின் வலிமையாக உறிஞ்சும். தேய்ந்த கைடின் இடுக்கு வழியே ஆயில் உள்ளே இழுக்கப்படும். அடிவாரத்தில் மிதித்தவுடன் சேர்ந்த ஆயிலெல்லாம் ஒருசேர எரியும். சகோதரி எழுதியிருப்பது இவ்விரண்டையுமே. ரிங் தேய்ந்த வண்டியோ மேடேறுகையிலும் சுமையோடு ஓடுகையிலும் ஓயாமல் புகை தள்ளும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் குபுகுபுவென்று ஆவி வரும்.

நிச்சயப்படுத்த ஒரு சோதனை உண்டு. எஞ்சின் சூடாயிருக்கையில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். ஆயில் விட்டதும் அழுத்தம் நன்கு உயர்ந்தால் குற்றம் ரிங்கில். குறைந்த அழுத்தம் குறைந்தபடியே நின்றால் ரிங்கைக் குறை சொல்வதற்கில்லை; வால்வு சரியாக மூடவில்லை, அல்லது கேஸ்கட் கசிகின்றது. முதலிலேயே நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி நல்ல அழுத்தம் காட்டி, காலைப்புகை மட்டும் இருந்தால், கைடையும் அதன் ஆயில் சீலையும்தான் சந்தேகிக்க வேண்டும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமலே எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம், செய்து காட்டுங்கள் அண்ணே என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. எண்களை வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுவோர் என்று நான் கூறவில்லை. பழுது இன்னதென்று தேடுவதைவிட அனைத்தையும் மாற்றிவிடுவது சிலருக்கு எளிது. மறுபடி வாடிக்கையாளர் வந்து நிற்க மாட்டார் என்ற அச்சமும் ஒரு காரணம். ஆயினும் தெரிந்தே பெரிய வேலையைச் சுமத்துவது அளவையில் மோசடி செய்வதே ஆகும். அவ்வாறு செய்வோரைக் கண்டிக்க அல்குர்ஆனில் முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே அருளப்பட்டுள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட செய்தியை நாம் அனைவரும் அறிவோம். எஞ்சினும் அத்தகைய குவியல்தான். உள்ளே கைவிட்டுப் பார்க்க உரிமையாளருக்குத் தெரியாது. தெரிந்தவர் மேலே எடுத்துக் காட்டவேண்டும். நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் இத்தொழிலில் இருப்பதால் இதனைச் சற்று விரித்துச் சொன்னேன்.

கைடுதான் என்று உறுதியானால் சிலிண்டர் தலையை மட்டும் கழற்றினால் போதும். எஞ்சின் வண்டியிலேயே இருக்கும். எஞ்சின் நன்கு ஆறிய பின் தண்ணீரை வடித்துவிட்டு, நட்டுகளை முறைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூட்டோடு கழற்றினால் தலை வளைந்துபோகும். வால்வுகளைக் கழற்றும்போது, எது எந்த இடத்தது என்பது மாறக்கூடாது. கெட்டி அட்டையில் எட்டுத் துளையிட்டு எண் போட்டு அதில் செருகி வைப்பார்கள் பழைய மேஸ்திரிகள். இப்பழக்கம் உள்ள பட்டறையாயின் வேலையும் ஒழுங்காகவே இருக்கும் என்று நம்பலாம். பின்னர் வால்வைச் சிறிது உயர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கே தெரியும்படி ஆடினால் கைடு போய்விட்டது. தண்டை மைக்ரோமீட்டரால் அளந்தால் தேய்ந்தது தண்டா, கைடா, இரண்டுமா என்பது விளங்கும். தேய்ந்த தண்டைப் புதிய கைடில் போடுவது வீண்செலவு.

சீர்செய்ய வழிகள் பல. கைடின் உட்புறத்தில் வரிவரியாக மேடெழுப்பி, மீண்டும் ரீமர் விட்டு அளவுக்குக் கொண்டுவரும் நர்லிங் முறை மலிவானது, நெடுநாள் நில்லாது. விற்கப் போகும் வண்டிக்கு அதைச் செய்து கொடுப்போரும் உண்டு. வாங்குபவரிடம் சொல்லாமல் செய்தால் அது மேற்சொன்ன ஈரத் தானியமே. துளையைப் பெரிதாக்கித் தடித்த தண்டுள்ள வால்வு போடலாம், கிடைத்தால். பழைய கைடினுள் மெல்லிய வெண்கலக் குழலை இறக்கும் முறையும் நல்லதே. ஆயினும் பி வரிசை எஞ்சினில் கைடுகள் தனித்துண்டுகளாக அழுத்திப் பொருத்தப்பட்டவை ஆதலால், எடுத்துவிட்டுப் புதியன போடுவதே நேர்வழி. இந்த அம்பாசிடருக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே. உதிரிப்பாகங்களுக்குச் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் விசாரிக்கலாம்.

பழைய கைடு ஸ்பிரிங் அமரும் தளத்திலிருந்து எவ்வளவு உயரம் நீட்டிக்கொண்டிருந்தது என்பதை எடுக்கும் முன்னரே அளந்து குறிக்க வேண்டும். படிவைத்துக் கடைந்த பஞ்ச் கொண்டு பழையதைத் தட்டி வெளியேற்றி, புதியதை அதே உயரத்திற்கு நேராக இறக்க வேண்டும். வெறும் சுத்தியலால் அடித்தால் கைடின் வாய் நசுங்கும், துளை கோணும். இறக்கியபின் துளை சற்றே இறுகியிருக்கும். ரீமர் விட்டு அளவைச் சரிசெய்ய வேண்டும். இவ்வேலை லேத் பட்டறையில் நடக்க வேண்டியது, தெருவோரத்தில் அன்று.

இதற்கு அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். புதிய கைடின் மையமும் பழைய சீட்டின் மையமும் ஒன்றாயிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே கைடை மாற்றியபின், அந்தக் கைடையே அச்சாகக் கொண்டு சீட்டை 45 பாகையில் மீண்டும் வெட்டவேண்டும். வெட்டாமல் பூட்டினால் வால்வு ஒருபக்கம் மட்டும் உட்காரும். புகை நின்றாலும் இழுவை குறையும். சில மாதங்களில் வால்வு கருகும். பிறகு கைடு மாற்றியதே தவறு என்று பழி வரும். பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றேயெனில், சீட் வெட்டுவீர்களா என்பதைக் கேளுங்கள்.

வெட்டிய சீட்டில் வால்வை எமரிப் பசை தடவி, ரப்பர்க் குவளைக் கோலால் பிடித்து, இரு உள்ளங்கைகளுக்கிடையே மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டித் தேய்ப்பார்கள். அறுபடாத சாம்பல்நிற வளையம் ஒன்று சுற்றிலும் தெரியவேண்டும். இந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அல்-ஜஸரி நினைவுக்கு வருவார். இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்ரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய இஸ்மாயீல் அல்-ஜஸரி, இயந்திரங்களைப் பற்றிய தம் பெருநூலை 1206-இல் முடித்தார். நீர்ப்பொறிகளில் வைத்த கூம்பு வடிவ வால்வு ஒழுகாதிருக்க, அதனையும் அதன் இருக்கையையும் எமரித் தூளிட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் முறையை அவர் கையாண்டார். அந்நூலை 1974-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட டொனால்டு ஹில் இதனைச் சிறப்பாக எடுத்துக்காட்டியுள்ளார். செங்கம் சாலைப் பட்டறையில் கைகறுக்க வால்வு தேய்க்கும் பையனுக்கு, தான் செய்வது எண்ணூறு ஆண்டு வயதுடைய கைவினை என்று யாராவது சொன்னால் அவன் முதுகு சற்று நிமிராதா?

தேய்த்த பசை ஒரு துளியும் மிஞ்சாமல் மண்ணெண்ணெயில் கழுவப்பட வேண்டும். மிஞ்சினால் புதிய கைடையே அது தின்றுவிடும். பின்னர் வால்வுகளைப் பூட்டி, காற்று வரும் வழியிலும் புகைவழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துப் பார்த்தால், கசிகிறதா இல்லையா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இந்த எஞ்சினின் வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கச் சிறு ரப்பர் வளையம் ஒன்று உண்டு. சூட்டில் அது கெட்டித்து உடையும். விலை அற்பம். பழையதையே போடுவது கஞ்சத்தனம்கூட அன்று, அறியாமை. சில வண்டிகளில் கைடு நன்றாயிருந்து இவ்வளையம் மட்டுமே கெட்டிருப்பதும் உண்டு என்பதால், ஆட்டிப் பார்க்கும் சோதனையை விட்டுவிடலாகாது.

ஒன்றை மறைக்கலாகாது. ரிங்கும் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் தலை வேலை மட்டும் போதாது. அந்நிலையிலும் வட்டிக்கு அடகு வைக்க அவசரம் வேண்டாம். வண்டியைச் சிறிது காலம் மூடி வைத்தால் அதற்குப் பசிக்காது. வட்டியில்லாக் கடன் தரும் ஜமாஅத்தும் பைத்துல்மாலும் பல ஊர்களில் உள்ளன, விசாரியுங்கள். அதேவேளையில் புகையைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டேயிருப்பதும் சரியன்று. பௌர்ணமி இரவுகளில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்து வரும் சகோதர சமயத்தார் ஆசிரமத்தைக் கடந்தே செல்கின்றனர். அவர்கள் முகத்தில் நம் வண்டியின் நீலப்புகை படுவது அண்டை அயலாருக்கு நாம் செய்யும் தீங்கல்லவா?

வேலை முடிந்து முதன்முறை கிளப்பும்போது சிறிது புகை வரும். பூட்டுகையில் தண்டில் தடவிய ஆயிலும், சைலன்சரில் முன்பே படிந்ததும் எரிவதால் வருவது அது. அதைக் கண்டு மனந்தளர வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் தலையின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக முறைப்படி மீண்டும் முடுக்கி, டேப்பட் இடைவெளியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய கைடுகள் எட்டையும் கேட்டு வாங்கி வீட்டிற்குக் கொண்டுபோங்கள் சகோதரி. புதிய வால்வு ஒன்றை அதில் செருகி ஆட்டிப் பார்த்தால் பணம் எதற்குப் போயிற்று என்பது பிள்ளைகளுக்கும் விளங்கும். ஆயில் கம்பியின் அளவை வாரம் ஒருமுறை குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கம்ப்ரஷன் எண்களையும் சேர்த்து எனக்கு ஒரு மடல் போடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் இதே பக்கத்தில் அவற்றைப் பார்ப்போம். வஸ்ஸலாம்.